கிழிந்த நண்டு வலையை மணலில் புதைப்பதை நிறுத்த என்ன வழி?

கொண்டல்:
பாக் நீரிணைக் கரை, நாட்டுப்படகு ஊர். நண்டு வலை நைந்துவிட்டால் மிதவையையும் ஈயத்தையும் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை மணலில் புதைக்கிறார்கள் அல்லது கொளுத்துகிறார்கள். சொன்னால், "கடல்லயா போட்டோம்? கரையிலதானே கெடக்கு" என்கிறார்கள். சேர்த்து மறுசுழற்சிக்கு விற்கலாமா? எப்படித் தரம் பிரிப்பது?

வாடை:
விற்கலாம் தம்பி. புதைத்த வலை கரையிலேயே கிடக்காது. வாடைக் காலத்தில் மணல் அரித்ததும் கடலுக்குள் போய்விடும். நைலான் தண்ணீரைவிடக் கனம்; கடற்புல் மேல் படிந்து, ஆளில்லாமலே நண்டையும் மீனையும் பிடித்துச் சாகடிக்கும். கொளுத்துவது இன்னும் மோசம், அந்தப் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கிறது.

தரம் பிரிக்க ஒரு வாளி தண்ணீர் போதும். விரல் நீளத் துண்டைத் தண்ணீருக்குள்ளேயே கசக்கி, குமிழி போனதும் விடுங்கள். மூழ்கினால் அநேகமாக நைலான். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். கயிறு பெரும்பாலும் இதுதான். முடிச்சில் காற்று இருந்தால் நைலானும் மிதந்து ஏமாற்றும். இரண்டையும் ஒரே சாக்கில் போடாதீர்கள். வலை நைலான் உருக 220 டிகிரி வேண்டும், பாலிஎத்திலீன் 130 டிகிரியிலேயே உருகும். கலந்த சரக்குக்கு விலை கிடையாது.

கச்சான்:
ஈயத்தைக் கவனியுங்கள். ஒரு குண்டு உள்ளே போனாலும் அரைக்கும் எந்திரத்தின் கத்தி போச்சு. நண்டுக் கால், சிப்பி, பாசியை உதறி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துக் கட்டுங்கள். ஈரச் சரக்குக்கு எடை கழிப்பார்கள்.

சாக்கு ஊர்க் கமிட்டி ஆபீசில் இருந்தால் அதுவரை யாரும் வலையைத் தூக்கிப் போகமாட்டார்கள். பெண்கள் நண்டு எடுக்கும் கொட்டகையிலேயே இரண்டு சாக்கு தொங்கட்டும். வலை அவர்கள் கையில்தான் பிரிகிறது. விற்ற காசும் அவர்களுக்கே போகட்டும்.

தடைக்காலத்தில் ஒரே முகாமாக முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுக்கு. நாட்டுப்படகு வலை வருடம் முழுக்கக் கிழியும், மாதம் ஒரு தடவையாவது சாக்கு காலியாக வேண்டும்.

வாடை:
விட்டுப்போன ஒன்று. கடலில் அறுந்த வலைக்கு அப்போதே ஜிபிஎஸ்ஸில் புள்ளி போடச் சொல்லுங்கள். சேற்றுத் தரையானால் பாதாளக்கரண்டி போட்டு மெதுவாக இழுக்கலாம். கடற்புல், பவளப்பாறை இருந்தால் இழுக்கவே கூடாது, வேரோடு வரும். முக்குளிக்கத் தெரிந்தவர் இறங்கி அறுத்தெடுக்க வேண்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரம் 2022-இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகம் இருக்கிறது. கடற்பசுவுக்கு அந்தப் புல்தான் சாப்பாடு.