வருஷா வருஷம் கணக்கு முடிச்சுட்டாங்களாம், அதனால கிராஜுவிட்டி (பணிக்கொடை) இல்லையாம். வழி இருக்கா?

நொய்யல்கரை:
வணக்கமுங்க. எங்கம்மா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருந்தாங்க, 2016 மார்ச்ல சேந்து 2025 ஆயுத பூஜையோட நின்னுட்டாங்க, முட்டி வலி, நாள் முழுக்க நின்னு பீஸ் பாக்க முடியல. கிராஜுவிட்டி கேட்டா "உங்களுக்கு ஒரு வருஷம்கூட முழுசா சர்வீஸ் இல்லையே"ங்கறாங்க. ஏன்னா ஒவ்வொரு தீபாவளிக்கும் போனஸ் குடுக்கறப்ப ஒரு வவுச்சர்ல ஸ்டாம்ப் ஒட்டி எல்லா கணக்கும் பைசல்னு கையெழுத்து வாங்கிருவாங்க, லீவு முடிஞ்சு போனா புது டோக்கன் நம்பர். அம்மா அதை எங்க படிச்சாங்க, கவர் கைக்கு வந்தா சரின்னு போட்டுட்டாங்க. கடைசியா ஷிப்டுக்கு 480, பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட். பிஎஃப், ஈஎஸ்ஐ புடிச்சாங்க. ஆர்டர் லெட்டர்னு ஒண்ணும் கிடையாது.

ஓவர்லாக்:
கையெழுத்து போட்டாச்சுன்னா அவ்ளோதாங்க. எங்க லைன்லயும் இதே கதைதான். கேஸ் போட்டா அவங்க வக்கீல் வெச்சு அப்பீல் அப்பீல்னு இழுப்பாங்க, பத்தோ பதினஞ்சாயிரமோ குடுத்தா வாங்கிட்டு வந்துருங்க.

லேபர் ஆபீஸ் வாசல்:
ஓவர்லாக், இப்படி சொல்லிச் சொல்லித்தான் பாதி பேரு கேக்காமலே போயிடறாங்க. 1972 கிராஜுவிட்டி சட்டத்துல 14வது பிரிவு இருக்கு, எந்த ஒப்பந்தம், எந்த பேப்பர் இதுக்கு முரணா இருந்தாலும் சட்டம்தான் செல்லும். போனஸ் வவுச்சர்ல போட்ட கையெழுத்து கிராஜுவிட்டிய விட்டுக்குடுத்ததா ஆகாது. 12 மாசத்துல 240 நாள் வேலை செஞ்சிருந்தா அது ஒரு வருஷ சர்வீஸ், தீபாவளிக்கு பத்து நாள் கம்பெனிய மூடினதெல்லாம் பிரேக் ஆகாது.

கணக்கு ஈஸிங்க. ஷிப்ட் சம்பளம்னா வருஷத்துக்கு 15 நாள் கூலி, 480 இன்டு 15, 7,200. அந்த அரை ஷிப்ட் ஓவர்டைம் (ஓடி), அது சேராது. 9 வருஷம் 7 மாசம்ங்கறது ஆறு மாசம் தாண்டிட்டதால 10 வருஷமாகும், ஆக 72,000. நின்ன 30 நாளுக்குள்ள குடுத்திருக்கணும், லேட்டானா 10 சதவீதம் வட்டி. அப்பீல் போகணும்னா மொத்தத் தொகையவும் முதல்ல டெபாசிட் பண்ணிட்டுத்தான் போக முடியும், அதனால சும்மா இழுக்கறது அவ்ளோ சுலபம் இல்ல. கட்டலன்னா கலெக்டர் மூலமா நிலவரி பாக்கி மாதிரி வசூல் பண்ணலாம்.

2025 நவம்பர் 21ல புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துச்சே அது வேறன்னு யாராச்சும் குழப்பினா விடுங்க, அம்மா அதுக்கு முன்னாடியே நின்னுட்டாங்க. பிஎஃப் பாஸ்புக்க முதல்ல டவுன்லோட் பண்ணுங்க, டோக்கன் நம்பர் பத்து தடவை மாறினாலும் யுஏஎன் (பிஎஃப்ல ஒருத்தருக்குக் குடுக்கற நம்பர்) ஒண்ணுதான்.

நொய்யல்கரை:
ரொம்ப நன்றிங்க அண்ணா. பாஸ்புக் எடுத்துட்டேன், அதுல ஒரு சிக்கல். 2019 ஜூன் வரைக்கும் ஒரு கம்பெனி பேரு, அப்புறம் வேற பேரு. ஆனா அதே பில்டிங், அதே முதலாளி, அம்மா நின்னு வேலை பாத்த டேபிள்கூட மாறல.

லேபர் ஆபீஸ் வாசல்:
இதத்தான் அவங்க பிடிச்சுக்குவாங்க. ஓனர் ஒருத்தரேன்னு காட்டணும்: பழைய சம்பளக் கவர், கேட் பாஸ், ஈஎஸ்ஐ கார்டு, ரெண்டு கம்பெனி பேரும் இருக்கற டெலிவரி சலான், எது கெடைச்சாலும் எடுத்து வைங்க. ரொம்ப மோசமாப் போனாலும் 2019ல இருந்து 6 வருஷம் நிக்கும், 43,200. ஓவர்லாக் சொன்ன பத்து பதினஞ்ச விட அது எவ்வளவோ மேல்.

ஓவர்லாக்:
சரிங்க, ஒத்துக்கறேன். பீஸ் ரேட்டு டெய்லருக்கு எப்படி?

லேபர் ஆபீஸ் வாசல்:
கடைசி மூணு மாச சம்பளத்தோட சராசரில நாள் கூலி போடுவாங்க, ஓடி கழிச்சுட்டு.

நொய்யல்கரை:
அண்ணா இன்னொண்ணு. சித்தி இன்னும் அங்கதான் வேலைக்குப் போறாங்க. அவங்கள நிறுத்திருவாங்களோன்னு அம்மா யோசிக்கறாங்க.

லேபர் ஆபீஸ் வாசல்:
பயம் நியாயம்தான். சித்திய சாட்சிக்குக் கூப்பிடவே வேண்டாம், பேரையும் எங்கயும் எழுதாதீங்க, பாஸ்புக் பேசிக்கும். முதல்ல 'ஐ' ஃபார்ம் (Form I, கிராஜுவிட்டி கேக்கற விண்ணப்பம்) பூர்த்தி பண்ணி கம்பெனிக்கு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க (ரிஜிஸ்டர் போஸ்ட்ட 2025லயே அதோட சேத்துட்டாங்க), ரசீத பத்திரமா வைங்க. 30 நாள் தாண்டிடுச்சேன்னு வாங்க மாட்டேன்னு சொல்ல முடியாது. பதில் வரலன்னாலோ முடியாதுன்னாலோ லேபர் ஆபீஸ்ல 'என்' ஃபார்ம் (Form N) குடுங்க. வக்கீல் இல்லாம நீங்களே குடுக்கலாம்.