கொம்பில்லாதவற்றுக்கும் கொம்புப் பெயரா?

ஐயா, வணக்கம்.

செரடாப்சியா என்ற தொன்மாத் (டைனோசர்) தொகுதிக்குத் தமிழில் தாங்கள் முன்மொழிந்த ‘கொம்புமுகத் தொன்மா’ கிரேக்க மூலத்துக்கு நேர்ச்சொல். கேட்கவும் அழகாக இருக்கிறது. ஆனாலும் தொகுதி முழுவதற்கும் அதைச் சூட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

சீனாவின் சின்ச்சியாங்கில் கிடைத்த யின்லாங் ஏறத்தாழ 16 கோடி ஆண்டுப் பழமையானது. அதற்குக் கொம்பே கிடையாது. கோபிப் பாலைவனத்துப் புரோட்டோசெராடாப்சுக்குக் கழுத்தின்மேல் விரிந்த எலும்பு மடல் உண்டு. நெற்றிக் கொம்பு இல்லை. இவையும் செரடாப்சியாவைச் சேர்ந்தவைதாமே?

கொம்பு செழித்ததெல்லாம் வட அமெரிக்காவின் மேற்கில். அன்று உள்நாட்டுக் கடலொன்று அந்தக் கண்டத்தை இரண்டாகப் பிளந்திருந்தது. மேற்குத் துண்டின் பெயர் லாராமிடியா. சுமார் 7.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் வடக்கே, ஆல்பர்ட்டாவில் சென்ட்ரோசாரஸ். தெற்கே, யூட்டாவில் கோஸ்மோசெராடாப்சும் யூட்டாசெராடாப்சும். நிலம் ஒன்று, வட்டாரத்துக்கு வட்டாரம் இனம் வேறு! 2010இல் விவரிக்கப்பட்ட கோஸ்மோசெராடாப்சின் தலையில் மட்டும் 15 கொம்புகள். மடலின் பின்விளிம்பில் முளைத்தவற்றில் பெரும்பாலானவை நெற்றியில் புரளும் முடிக்கற்றை போல முன்பக்கம் வளைந்து விழுகின்றன. இந்தப் பெருங்கொம்புக் குடும்பத்துக்கு ஆசியாவில் தெளிவான சான்று சீனத்துச் சினோசெராடாப்ஸ்தான்.

எனவே தங்கள் சொல்லைச் செரடாப்சிடே என்ற இந்தப் பெருங்கொம்புக் குடும்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். அங்கே அது கச்சிதமாகப் பொருந்துகிறது. பெருந்தொகுதிக்கு என் பரிந்துரை ‘கிளிமூக்குத் தொன்மா’. மேலலகின் நுனியில் இவற்றுக்கு ஒரு தனி எலும்பு உண்டு. வேறெந்த விலங்குக்கும் அது இல்லை. கொம்புள்ளது, கொம்பற்றது எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுவது அந்த எலும்புதான். கிளிமூக்கு மாங்காய், கிளிமூக்குச் சேவல் என்று நம் சந்தைகளில் நாளும் புழங்கும் சொல் கையில் இருக்க, கிரேக்கத்தின் பின்னால் ஏன் போக வேண்டும்?

இதே தொகுதியைச் சேர்ந்த சிட்டகோசாரஸ் என்ற பேரினத்தின் பெயருக்கே ‘கிளிப் பல்லி’ என்று பொருள், குழப்பம் வராதா என்று கேட்கலாம். பேரினப் பெயர்களை நாம் ஒலிபெயர்த்தே எழுதுகிறோம். ஆகவே மோதல் வராது.

கோஸ்மோசெராடாப்ஸ் போல ஒரே வட்டாரத்தில் அடங்கியவற்றுக்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. இயற்கை ஆர்வலர்கள் எழுதும் ‘ஓரிடவாழ்வி’ போதும். வரையாட்டுக்குப் பொருந்தும் சொல் இதற்கும் பொருந்தும்.

மடல் என்பதைக் காதுமடலை நினைத்து எழுதினேன். ‘கழுத்துமடல்’ என்றே நிலைநிறுத்தலாமா? தங்கள் கருத்தை எழுதுங்கள்.