பலாப் பலகையில் தொடங்கி பிளைவுட்டில் முடிந்த என் ஸ்பீக்கர் பாக்ஸ்

சின்ன வயதில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு மண்பானை இருக்கும். அதன் வாயில் ஸ்பீக்கரை வைத்துச் சுற்றிலும் துணி திணித்து இறுக்கியிருப்பார்கள். கையில் வைத்துப் பாடவிட்டால் தகரம் போல இரையும் அதே ஸ்பீக்கர், பானையில் உட்கார்ந்ததும் தவிலை வயிற்றில் கொண்டுவந்து இடிக்கும். காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரம் பின்னால் இழுக்கிறது. இரண்டும் ஓரத்தில் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், முதலில் போவது பேஸ், அதாவது கனத்த அடி ஒலிதான். பானை பின்பக்கத்து ஒலியை உள்ளேயே பிடித்து வைத்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது நல்ல பலாப் பலகைகள் கிடைத்தன. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலா மரம்தானே, ஸ்பீக்கருக்கும் அதுவே சரி என்று முடிவு செய்தேன். சென்னை ரிச்சி தெருவில் பேஸுக்கு ஆறரை அங்குல ஊஃபர் இரண்டும், மெல்லிய கீச்சொலிக்கு ட்வீட்டர் இரண்டும் வாங்கினேன். எங்கள் வீட்டுக்குக் கதவு, ஜன்னல் செய்த ஆசாரியிடம் போனேன். அவர் பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பாடுற மரம். உன் பெட்டி பாடணுமா, உள்ள இருக்குறது பாடணுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அன்று தெரியவில்லை. "நீங்க அடிங்கண்ணே, பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

பெட்டி பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பாட்டுப் போட்டதும் எந்தப் பாட்டிலும் பேஸ் ஒரே சுருதியில் கும் கும் என்றது. நாதஸ்வரத்தில் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் வரும்போதெல்லாம் பக்கப் பலகையும் சேர்ந்து ரீங்கரித்தது. அடுத்த மே மாத வெயிலில் பலகை சுருங்கி, பசை போட்ட மூட்டு ஒன்று மயிரிழை அளவுக்கு விட்டுக்கொண்டது. பேஸ் அடிக்கும்போது எங்கிருந்தோ புஸ் புஸ் என்று சத்தம். ஊதுபத்தியைக் கொளுத்தி மூட்டு மூட்டாகக் காட்டினேன். பின் மூலையில் மட்டும் புகை வெட்டி வெட்டி ஆடியது. வயலின் வாசிப்பதைப் பார்ப்பது மாதிரி இருந்தது, இன்னும் கண்ணில் நிற்கிறது.

கும் கும் என்றதற்குக் காரணம் நான் கொடுத்த அளவு. 20 லிட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டு 20 × 26 × 40 செ.மீ. என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அதை வெளி அளவாக வைத்துவிட்டோம். பலகை 18 மி.மீ. தடிமன். எல்லாப் பக்கமும் கழித்தால் உள்ளே 16.4 × 22.4 × 36.4, அதாவது 13.4 லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு காற்றைப் பலகையே தின்றுவிட்டது. பேஸைத் தூக்கிக் கொடுக்கப் பெட்டியில் காற்று போய்வர ஒரு குழாய் வைப்போம்; 45 ஹெர்ட்ஸ் சுருதிக்கு வைத்த அந்தக் குழாய் 55 பக்கம் போய் நின்றது. பாக்ஸ் அடிக்க நினைப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் வையுங்கள்: கணக்குப் போடும் காற்று உள்ளே இருக்கிற காற்று.

இந்தக் கணக்கெல்லாம் குருட்டாம்போக்கு இல்லை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்ற பொறியாளர் 1961-ல் வழி காட்ட, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்து எழுதினார். ஸ்பீக்கரோடு வரும் தாளில் அவர்கள் பெயரால் வழங்கும் தீல்-ஸ்மால் எண்கள் இருந்தால் அதற்கு எத்தனை லிட்டர் பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தாள் தராத கடையில் நான் இப்போது ஊஃபர் வாங்குவதில்லை.

இரண்டாவது ஜோடிக்கு 18 மி.மீ. பிளைவுட் எடுத்தோம். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது, அதனால் வெயிலுக்கும் மழைக்கும் பலகை மாதிரி அசையாது. இந்த முறை உள் அளவை முதலில் எழுதி, தடிமனைக் கூட்டி வெளி அளவு எடுத்தோம். இரண்டு பக்கப் பலகைக்கும் நடுவே ஒரு ரீப்பர் கட்டையைக் குறுக்கே கொடுத்தோம். சரியாக மையத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பாதியும் ஒரே சுருதியில் அதிரும். மூட்டுகளுக்குள்ளே ஃபெவிகாலில் மரத்தூளைக் குழைத்து விரலால் இழுத்தேன். குழாய்க்கு இரண்டு அங்குல பிவிசி பைப். கணக்குப்படி 11 செ.மீ. வந்தது, 14 வெட்டி வைத்துக் கேட்டுக் கேட்டு அறுத்தேன். நீளம் அதிகமானால் அறுக்கலாம், குறைந்தால் ஒட்ட வைக்க முடியாது.

அப்புறம் ஒயர். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஊஃபரின் முனைகளில் ஒரு நொடி தொட்டால், பிளஸ்ஸுக்கு பிளஸ் சரியாக இருக்கும்போது கூம்பு வெளியே வரும். இரண்டு பெட்டியிலும் இதைப் பார்த்துவிடுங்கள். ஒன்று மாறியிருந்தால் பேஸ் காணாமல் போய்விடும், பாடுகிறவர் குரலும் நடுவில் நிற்காது.

முடிந்த அன்று ஆசாரியை வீட்டுக்குக் கூப்பிட்டேன். நாதஸ்வரம் போட்டேன். தவிலின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டது. அவர் பேசவில்லை. எழுந்து போய் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை விரித்து வைத்தார். அதே ஸ்வரம் வந்தது, கை அப்படியே இருந்தது. "சும்மா இருக்குப்பா" என்றார். கையை எடுக்காமல் பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, "என் பேரனுக்கு ஒரு ஜோடி அடிக்கணும். உள் அளவு சொல்லு" என்றார்.