என்டி1 பெட்டிக்குப் பின் வரும் வயரிங்: கடைசி சாக்கெட்டில் மட்டும் கோளாறு

கேள்வி:
வணக்கம். எங்கள் அலுவலகத்தின் ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் தொலைபேசி) அடிப்படை இணைப்பில், தெருவிலிருந்து வரும் இரு கம்பி இணைப்பை உள்வயரிங்கின் நான்கு கம்பிகளாக மாற்றித் தரும் என்டி1 பெட்டியிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் கேபிள் இழுத்து, வரிசையாக மூன்று ஆர்ஜே45 சாக்கெட்டுகளைப் பொருத்தியுள்ளேன். முதல் இரண்டில் தொலைபேசி ஒழுங்காக இயங்குகிறது. மூன்றாவதில் அழைப்பு அடிக்கடி துண்டிக்கப்படுகிறது. தெருவிலிருந்து வரும் இரு கம்பிகளை நான் இடம் மாற்றி இணைத்தது காரணமாக இருக்குமா?

மறுமொழி 1:
இல்லை, நண்பரே. அந்த இரு கம்பிகளை எப்படி இணைத்தாலும் என்டி1 ஏற்றுக்கொள்ளும். கோளாறு நான்கு கம்பிப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். பஸ்ஸின், அதாவது சாக்கெட்டுகள் வரிசையாக இணைந்துள்ள அந்த நான்கு கம்பிக் கேபிளின், இரு முனைகளிலும் 3, 6 பின்களுக்கு இடையே ஒன்றும், 4, 5 பின்களுக்கு இடையே ஒன்றுமாக 100 ஓம் மின்தடைகள் இல்லையெனில், சிக்னல் கம்பியின் முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் சிக்னலைச் சிதைத்துவிடும். என்டி1 முனைக்கு உரியவை பல பெட்டிகளுக்குள்ளேயே சிறு சுவிட்சுடன் அமைந்திருக்கும். கடைசி சாக்கெட்டுக்கு உரியவற்றை நாம்தான் பொருத்த வேண்டும்.

மறுமொழி 2:
முதலில் அளந்து பாருங்கள். என்டி1, தொலைபேசிகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, என்டி1 பக்கத்துக் கேபிள் முனையில் மீட்டரை வையுங்கள்; ஒவ்வொரு கம்பி இணையிலும் (3-6, 4-5) 100 ஓமுக்குச் சற்றே கூடுதலாகக் காட்ட வேண்டும். நடு சாக்கெட்டுகளில் மின்தடை வைக்கவே கூடாது. ஓர் இணையின் கம்பிகள் ஏதேனும் ஒரு சாக்கெட்டில் மட்டும் இடம் மாறியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
கடைசி சாக்கெட்டில் மின்தடையே இல்லை, ஐயா. இரண்டையும் பொருத்திய பின் அழைப்பு துண்டிக்கப்படவில்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.