சம்பளத்தில் காசு பிடித்தார்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நொய்யல்கரை:
தம்பி பிளஸ் டூ முடித்த கையோடு கோவையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தான். பேசிய சம்பளம் 13,000. முதல் மாதம் கைக்கு வந்தது ஒன்பதாயிரத்துச் சொச்சம். கேட்டதற்கு யூனிஃபார்ம், கவுன்டர் ஷார்ட்டேஜ், லேட் ஃபைன் என்று மேனேஜர் வாயாலேயே கணக்குச் சொல்லியிருக்கிறார், ஒரு துண்டுச் சீட்டு கூடக் கொடுக்கவில்லை. அதே கவுன்டரில் மதியத்துக்கு மேல் வேறொரு பையன் உட்காருகிறான், ரெண்டு பேருக்கும் ஒரே லாகின், அப்படி இருக்கும்போது குறைந்த காசு யார் கையில் குறைந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? "எல்லாருக்கும் இப்படித்தான் பிடிக்கிறாங்கண்ணா" என்று அவன் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. முதல் சம்பளத்திலேயே இதைப் பழகிக்கொள்கிறார்கள். இதே மாதிரி நடந்தவர்கள் எழுதுங்கள், காசு திரும்ப வந்ததா என்பதையும் சேர்த்து.

வைகைக்காரன்:
மதுரைப் பக்கம் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவன் நான். ஷிப்ட் முடியும்போது மீட்டர் ரீடிங்கை வைத்துக் காசு ஒப்படைக்க வேண்டும், குறைந்தால் நம் சம்பளத்தில் போகும். எனக்கு அடிக்கடி 500 ரூபாய் வாக்கில் இடித்துக்கொண்டே இருந்தது. நோட்டை எண்ணி எண்ணிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது: காலையில் அளவு சரிபார்க்க அஞ்சு லிட்டர் கேனில் பிடித்துவிட்டுத் திரும்ப டேங்கில் ஊற்றுவார்கள், ஆனால் மீட்டரில் அது விற்றதாக ஏறிவிடும். அதைக் கணக்கில் கழிக்கிற நாளில் எனக்குச் சரியாக வரும், எழுத மறந்த நாளில் என் தலையில் விழும். அன்றிலிருந்து ஷிப்ட் ஆரம்ப ரீடிங், முடிவு ரீடிங், டெஸ்டிங் எடுத்தார்களா இல்லையா எல்லாவற்றையும் சின்ன நோட்டில் எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து கேட்டேன். முறைத்தார், ஆனாலும் போட்டார். அந்த மாதத்தோடு ஷார்ட்டேஜ் நின்றது. ஏற்கெனவே போன காசில் பாதிதான் வந்தது.

தி.நகர் தோழி:
ஜவுளிக்கடை, ஹாஸ்டலில் தங்கி வேலை. பத்து நிமிஷம் தாமதமானால் அரை நாள் சம்பளம் கட். புடவையில் கறை இருந்தால் அந்த செக்‌ஷனில் நின்ற அத்தனை பெண்களுக்கும் பங்கு போட்டுப் பிடிப்பார்கள், யார் செய்தது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். வேலையை விட்டதும் கடைசி மாதச் சம்பளத்தையும் பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் கையில் வைத்துக்கொண்டு அலைய விட்டார்கள். ஊரிலிருந்து அப்பா வந்து நின்ற பிறகு மார்க் ஷீட் கிடைத்தது. சம்பளம் இன்னும் வரவில்லை. தென்மாவட்டங்களிலிருந்து வருகிற பெண்களுக்கு சென்னையில் யாரையும் தெரியாது, அதைத் தெரிந்துகொண்டுதான் பிடிக்கிறார்கள்.

சங்கத்துக்காரர்:
தோழி, உங்கள் கடைசி மாதச் சம்பளத்துக்கு இன்னும் நேரம் இருக்கலாம், விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முன்பு இதற்கு 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. எதற்கெல்லாம் பிடிக்கலாம் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இல்லாத எதற்கும் முதலாளி கைவைக்க முடியாது. கவுன்டர் காசு பட்டியலில் இருக்கிறது, ஆனால் அந்த ஆளின் கவனக்குறைவால்தான் நேரடியாகக் குறைந்தது என்று இருக்க வேண்டும், பிடிக்கும் முன்னால் அவரை விளக்கம் கேட்க வேண்டும், நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய் கூடப் பிடிக்கக் கூடாது. ஒரே லாகினில் ரெண்டு பேர் என்றால் தம்பியின் தவறு என்று எதை வைத்துச் சொல்வார்கள்? செக்‌ஷனுக்கே பங்கு போடுவதும் அப்படித்தான்.

தாமதத்துக்கு, வராத நேரத்தின் சம்பளத்தை மட்டும்தான் கழிக்கலாம். பத்து நிமிஷத்துக்கு அரை நாள் என்பது நடக்காது. ஃபைன் என்று போட்டால் எதற்கெல்லாம் ஃபைன் என்ற பட்டியலுக்கு அரசின் ஒப்புதல் வாங்கி, வேலை இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அதுவும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 13,000-க்கு 390 ரூபாய். தவணையாகவும் பிடிக்கக் கூடாது, 90 நாள் கழிந்த பிறகும் பிடிக்கக் கூடாது. 15 வயது நிரம்பாதவருக்கு ஃபைனே போட முடியாது. வசூலான ஃபைன் பணம் தொழிலாளர் நலனுக்குத்தான் போக வேண்டும், முதலாளியின் கல்லாவுக்கு அல்ல. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது.

வேலையை விட்டால் ரெண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். புதிய சட்டத்தில் 3 வருஷம் வரை மனு கொடுக்கலாம், பழையதில் 12 மாதம்தான் இருந்தது, அதனால் எப்போது விட்டீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே சம்பளத்தைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. நீங்கள் உறுப்பினராக இருக்கும் பதிவான சங்கமும் உங்களுக்காக மனு போடலாம், தனியாகப் போக வேண்டிய அவசியமில்லை.

பாஸ்புக்:
பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் யுஏஎன் எண்ணை (பி.எஃப். கணக்குக்காக உங்களுக்குத் தரும் எண்) வாங்கி, அரசின் உமங் ஆப்பில் பாஸ்புக்கைப் பாருங்கள். எங்கள் கம்பெனியில் ஸ்லிப்பில் மாதாமாதம் பிடித்திருந்தது, பாஸ்புக்கில் பல மாதம் காலி. நாலைந்து பேர் சேர்ந்து பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுத்தோம், அப்புறம் கட்டினார்கள்.

நொய்யல்கரை:
எல்லாருக்கும் நன்றி. சங்கத்துக்காரர் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு தம்பி மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் மரியாதையாக ஒரு செய்தி போட்டான்: எதற்கு எவ்வளவு பிடித்தீர்கள், எந்தத் தேதி ஷார்ட்டேஜ், அப்போது கவுன்டரில் யார், எழுதித் தாருங்கள் சார் என்று. ரெண்டு நாள் பதிலே இல்லை. அப்புறம் கூப்பிட்டு ஷார்ட்டேஜ் காசை மட்டும் கையில் கொடுத்தார்கள், ஸ்லிப் தரவில்லை. யூனிஃபார்ம் காசு அப்படியே இருக்கிறது. மதியம் உட்காருகிற பையனுக்கும் இதே மாதிரி பிடித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகிறேன், என்ன நடக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.