மறுமொழி: அகலக்கோண லென்ஸும் ‘மூலை மங்கல்’ என்ற சொல்லும்

வணக்கம்.

அகலக்கோண லென்ஸில் எடுத்த பிலிம் படத்தின் மூலைகள் தெளிவில்லாமல் போவதற்கு ‘மூலை மங்கல்’ என்ற சொல்லை நண்பர் முன்வைத்திருக்கிறார். காதுக்கு இனிமைதான், ஆனால் இந்த இடத்துக்கு ஒத்துவராது. விளக்கும் மங்கும், பார்வையும் மங்கும். 28 மி.மீ. லென்ஸின் அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுதாகத் திறந்து எடுத்தால் மூலையில் ஒளியும் குறையும், உருவமும் கரையும். “மூலை மங்குகிறது” என்று ஒருவர் எழுதினால் எதைச் சொல்கிறார் என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.

ஒளி குறைவது ‘மூலை இருளல்’, தெளிவு குறைவது ‘மூலைக் கலங்கல்’ என்று பிரிக்கலாம். கலங்கல் என்றால் அழுகை நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். கண்ணில் நீர் நிறைந்தால் எதிரில் இருப்பது எப்படித் தெரியுமோ, அந்த மூலையும் அப்படித்தான் தெரிகிறது.

கலங்கல் அறிகுறி மட்டும்தான். காரணங்களுக்குத் தனித்தனிப் பெயர் வேண்டும். என் பழைய லென்ஸை முக்காலியில் வைத்து, செங்கல் சுவருக்கு நேராகப் படமெடுத்தேன். நான்கு மூலைகளும் ஒரே அளவு கலங்கியிருந்தன. அப்புறம் மூலையிலேயே ஃபோகஸ் செய்து எடுத்தேன். மூலை கூர்மையாக வந்தது, நடுப்பகுதி கலங்கிவிட்டது. பிலிம் தட்டையாக இருக்க, லென்ஸ் குவிக்கும் பரப்பு கிண்ணம்போல வளைந்திருக்கிறது என்று பொருள். இதைப் ‘புல வளைவு’ என்றால் மின்புலமும் காந்தப்புலமும்தான் மனதில் வரும். வளைவது குவியும் தளம். ஆகவே ‘குவிதள வளைவு’ என்பேன். எஃப் 8 வரை அபர்ச்சரைக் குறைத்தால் இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரு மூலை மட்டும் கலங்கினால் கதை வேறு. லென்ஸுக்குள்ளே ஒரு கண்ணாடி வில்லை நடு அச்சிலிருந்து நகர்ந்திருக்கலாம். இதற்கு ‘மையப் பிறழ்ச்சி’ வேண்டாம். பிறழ்ச்சி என்பது லென்ஸ் ஒளியைக் குவிப்பதில் இயல்பாகவே வரும் குறை; கோளப் பிறழ்ச்சி, நிறப்பிறழ்ச்சி எல்லாம் ஒழுங்காகப் பொருத்திய லென்ஸிலும் இருப்பவை. இதுவோ பொருத்தியபோதோ கீழே விழுந்தபோதோ வந்த கோளாறு. ‘மைய விலகல்’ போதும். ஆனால் அவசரப்பட்டு அந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. கேமராவைத் தலைகீழாக வைத்து மறுபடி எடுங்கள். சுவரின் அதே பகுதி கலங்கினால் கேமரா சுவருக்கு நேராக நிற்கவில்லை. நெகட்டிவின் அதே மூலை கலங்கினால் லென்ஸை வேறு கேமராவில் மாட்டிப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் லென்ஸ் குற்றவாளி இல்லை. முதல் கேமராவில் லென்ஸ் மாட்டும் வளையம் கோணியிருக்கலாம், அல்லது அழுத்தத் தகடு பிலிமைத் தட்டையாகப் பிடிக்காமல் இருக்கலாம். பின்னதற்குப் ‘பிலிம் புடைப்பு’ என்ற சொல் சரியா?

இன்னொன்று பாக்கி இருக்கிறது. இரவுப் படத்தின் மூலையில் தெருவிளக்குப் புள்ளிக்கு வால் முளைக்கும் குறை. ஆங்கிலத்தில் உள்ளபடி ‘கோமா’ என்றே எழுதினால் மருத்துவமனை நினைவு வருகிறது. ‘வால் பிறழ்ச்சி’ என்று வைக்கலாமா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.