நல்ல காதல் நாவல்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நட்புகளே. அம்மாவும் நானும் படிக்கக் காதல் நாவல்கள் தேடுகிறேன். ரமணிசந்திரனை அம்மா ஏறக்குறைய முடித்துவிட்டார். எனக்கு நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' என்றால் உயிர். பூரணியும் அரவிந்தனும் ஒருவரையொருவர் மதிக்கிற விதம்தான் காரணம். அந்த மாதிரி வேண்டும். நாயகியைக் கடத்தி, மிரட்டித் தாலி கட்டிவிட்டு அதைக் காதல் என்கிற கதைகள் வேண்டவே வேண்டாம். ஆன்லைன் தொடர்களில் இது நிறைய வருகிறது, படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

விமர்சனம் தேடினால் 'அருமை சிஸ், சூப்பர்' என்பதற்கு மேல் ஒன்றும் தெரிவதில்லை. உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லும்போது நாயகன் எப்படிப்பட்டவன், நடை எப்படி, நடுவில் இழுக்கிறதா என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்! அச்சில் கிடைத்தால் பதிப்பகத்தின் பெயரும் வேண்டும். அம்மாவால் போனில் படிக்க முடியாது.